குருவிக்குன்றில் எழும்பாத கோயில்: விட்பெர்க் குற்றவாளியா?

பனிமலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரஷ்ய எழுத்தாளர் ஹெர்சனின் நினைவுக்குறிப்புகளில் விட்பெர்க் பற்றி வரும் அத்தியாயத்தை நேற்று இரவு மூன்றாவது தடவையாகப் படித்தேன். மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

அலெக்சாந்தர் லவ்ரேன்தியெவிச் விட்பெர்க். 1787இல் பீட்டர்ஸ்பர்க்கில், ஸ்வீடனிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கார்ல் மாக்னுஸ். கலைக் கழகத்தில் படித்தது ஓவியம். அதிலும் வரலாற்றுக் காட்சிகளை வரையும் பிரிவு. உக்ரியூமோவின் மாணவர், தங்கப் பதக்கம் வாங்கியவர். கட்டடக்கலை அவர் படித்த படிப்பே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1812 டிசம்பர் 25. நெப்போலியன் படை ரஷ்ய மண்ணை விட்டுப் போய்விட்டது. முதலாம் அலெக்சாந்தர் வில்னாவிலிருந்து ஓர் அறிக்கை விடுகிறார்: நாட்டைக் காத்ததற்கு நன்றியாக மாஸ்கோவில் மீட்பர் கிறிஸ்துவுக்கு ஒரு கோயில் கட்டுவோம். போட்டி அறிவிக்கிறார்கள். குவரெங்கி, வரனீகின் போன்ற பெரிய பெரிய பெயர்களெல்லாம் அதில் உண்டு. ஜெயித்தது, அதுவரை ஒரு திண்ணைகூடக் கட்டாத இந்த இளம் ஓவியர். போட்டிக்காகவே உட்கார்ந்து கட்டடக்கலையைத் தானாகக் கற்றுக்கொண்டார்.

அவர் வரைந்தது ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கோயில்கள். கீழ்க்கோயில் நீள்சதுரம், குன்றின் சரிவுக்குள் பாதி புதைந்தது. அது உடல், கிறிஸ்துவின் பிறப்புக்கு உரியது. போரில் இறந்தவர்களுக்கான நினைவிடமும் அங்கேதான், பூமிக்குள், வெளிச்சம் குறைவாக. அதன்மேல் சிலுவை வடிவில் நடுக்கோயில். அது ஆன்மா, மறுரூபத்துக்கு உரியது. உச்சியில் வட்டக் கோயில். அது ஆவி, உயிர்த்தெழுதலுக்கு உரியது, முழுக்க வெளிச்சம். ஆற்றங்கரையிலிருந்து ஏறி வருகிறவன் இருட்டிலிருந்து ஒளிக்கு நடந்தே வர வேண்டும். அடிவாரத்திலிருந்து அளந்தால் 230 மீட்டருக்கும் மேல். அன்றைக்கு உலகத்தில் நின்ற எந்தக் கட்டடமும் அந்த உயரம் இல்லை. எதிரியிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கிப் பெரிய தூண்கள் நிறுத்துவதும் திட்டத்தில் இருந்தது.

இடம், மாஸ்கோவின் குருவிக்குன்று. வரபியோவோ என்ற பழைய கிராமத்தின் பெயரால் வந்தது. வரபேய் என்றால் சிட்டுக்குருவி. ஸ்மலேன்ஸ்க் சாலைக்கும் கலூகா சாலைக்கும் நடுவே. ஒன்று எதிரி உள்ளே வந்த வழி, மற்றது வெளியேறிய வழி. 1817 அக்டோபர் 12ஆம் தேதி, பிரெஞ்சுப் படை மாஸ்கோவைக் காலிசெய்து ஐந்து ஆண்டு நிறைந்தபோது, மன்னர் முன்னிலையில் அடிக்கல் விழுந்தது.

அதன்பின் நடந்ததைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஏழு ஆண்டு ஓடியும் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள வேலையே முடியவில்லை. 1825இல் மன்னர் இறந்தார். தம்பி நிக்கோலாய் வந்தார், 1826இல் வேலையை நிறுத்தினார், விசாரணை வைத்தார். பத்து லட்சம் ரூபிளை நெருங்கும் தொகை கணக்கில் இடிக்கிறது என்று வழக்கு. அது இழுத்து இழுத்து 1835இல் தீர்ப்பு. சொத்து பறிமுதல். மனிதரை வியாத்கா என்ற தொலைதூர ஊருக்குக் கடத்தினார்கள்.

அவர் கையில் காசு ஒட்டவில்லை என்று ஹெர்சன் உறுதியாகச் சொல்கிறார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஒரு கலைஞனை ஓர் அரசு தின்றுவிட்டது. உங்கள் எண்ணம் என்ன?

---

சாரக்கட்டு எழுதியது:

பனிமலர் அக்கா, அருமையான பதிவு. காசு விஷயத்தை வேறு யாராவது பேசட்டும். இருபது வருஷமாக அஸ்திவாரம் போடுகிறவன் நான். எனக்குத் தெரிந்தது மண்.

அந்தக் குன்றைப் பாருங்கள். மாஸ்க்வா ஆறு அங்கே ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. வளைவின் உள்பக்கம் லுஷ்னிக்கி, தட்டையான மண்திட்டு. வெளிப்பக்கம் இந்தக் குன்று. ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் வெளிக்கரையைத்தான் அரிக்கும். அதனால்தான் அந்தப் பக்கம் செங்குத்தாக நிற்கிறது. அந்த அழகான சரிவே ஆறு கடித்துக் கடித்து உண்டாக்கியது.

உள்ளே என்ன இருக்கிறது? மேலே மணல். அடியில் ஜுராசிக் காலத்துக் கருங்களி. மழைத்தண்ணீர், பனி உருகிய தண்ணீர் எல்லாம் மணலுக்குள் இறங்கும். களிமண் வந்ததும் அதற்குமேல் போக வழி இல்லை. பக்கவாட்டில் கசிந்து ஊற்றாக வெளியே வரும். இடையில் களியின் மேற்பரப்பு சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். மேலே இருக்கும் மண் முழுசாக, ஒரு வீதி அளவுக்கு, மெதுவாக வழுக்கும். இன்றைக்கும் அந்தச் சரிவில் மண் நகர்கிறது.

இதில் விட்பெர்க் செய்யப் போனது என்ன? சரிவின் அடிக்காலை வெட்டி அதற்குள் கீழ்க்கோயிலை நுழைக்க வேண்டும். மேலே உலகத்திலேயே கனமான கற்குவியலை ஏற்ற வேண்டும். சரிவு நிற்பது அடிக்காலின் பலத்தில்தான். அடியை வெட்டி உச்சியில் பாரம் ஏற்றுவதைவிட மோசமான ஒன்றை அந்தக் குன்றுக்குச் செய்ய முடியாது. 1826இல் வேலையை நிறுத்தியபோது சொன்ன காரணமும் மண் தாங்காது என்பதுதான். அதை வெறும் அரசியல் சாக்கு என்று ஒதுக்க வேண்டாம்.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மண் சுவரைத் தள்ளும் விசைக்கு கூலோம் 1776இலேயே கணக்கு சொல்லிவிட்டார். ஆனால் களிமண் பாரத்தின் கீழ் எப்படி அமுங்கும், அதற்குள் இருக்கும் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு தெர்சாகி வரவேண்டியிருந்தது, அது 1925. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. விட்பெர்க் காலத்தில் அனுபவசாலிக் கொத்தனார் குழிவெட்டி, ஊற்றைப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவதுதான் சாயில் டெஸ்ட். அப்படி உதட்டைப் பிதுக்கும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அனுபவம் ஓவியருக்கு இல்லை.

---

ஊர்க்குருவி எழுதியது:

சாரக்கட்டு அண்ணா சொல்வது புரிகிறது. ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம். அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? குன்றே பீடம். படிக்கட்டு ஆற்றிலிருந்தே தொடங்குகிறது. ஒரு கட்டடத்துக்குள் நடப்பதே ஒரு தியானம் என்று யோசித்த ஆள் அவர். நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் முதல் கேள்வியே பட்ஜெட் எவ்வளவு, தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி எவ்வளவு என்றுதான் வரும். உடல், ஆன்மா, ஆவி என்று ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மன்னர் கேட்டார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

---

தணிக்கைமேசை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் எல்லோரும் "திருடினாரா, இல்லையா" என்ற இடத்தில் நிற்கிறீர்கள். எங்கள் மேசையில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும். முதல் கேள்வி: யார் கையெழுத்துப் போட்டார்?

விட்பெர்க் வடிவமைப்பாளர் மட்டும் அல்லர். கட்டுமானத்தின் இயக்குநரும் அவரே. மேலே ஓர் ஆணைக்குழு. அதில் மாஸ்கோவின் ஆளுநரும் பேராயரும் உண்டு. இருவருக்கும் தலைக்கு மேல் வேறு வேலை. அன்றாடம் கல் வாங்குவது, மரம் வாங்குவது, ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் இயக்குநர் பார்வைக்குக் கீழே வந்துவிட்டன.

வரைந்தவரே வாங்குகிறார். வாங்கியவரே அளவு சரி என்கிறார். அவரே பட்டியலுக்கு ஒப்பம் இடுகிறார். நம் பொதுப்பணித் துறையில் ஒரு சின்னப் பாலத்துக்குக்கூட இது கிடையாது. அளப்பவர் ஒருவர், அளந்ததைச் சரிபார்ப்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால் விளக்கம் கேட்போம். மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் வைத்த ஏற்பாடு அன்று அது. நல்ல மனிதனையும் காப்பாற்றுகிற ஏற்பாடு.

ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு தராமல் போவது, தரம் குறைந்த கல், கூடுதல் விலை... இவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் முதல் வருடமே பிடித்திருப்பான். தம்மைச் சுற்றி இருந்தவர்களை விட்பெர்க் நம்பினார். அந்தத் திட்டத்தைச் சுற்றிப் பணம் பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றி ஹெர்சனே கடுமையாக எழுதியிருக்கிறார். நம்பியது குற்றமா என்று பனிமலர் கேட்கலாம். பொதுப்பணத்தில், ஆம், அது குற்றம். திருட்டுக் குற்றம் அன்று. கடமையில் தவறிய குற்றம். அதற்கு நியாயமான தண்டனை பதவி நீக்கம். சொத்தைப் பறித்து ஆளைத் தொலைதூரம் அனுப்பியது கொடுமை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

---

செம்பருத்தி எழுதியது:

எல்லோரும் கல்லைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசுகிறீர்கள். கல்லைத் தூக்கியது யார்?

ரஷ்ய மொழி படித்தவள் என்பதால் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்தில் பண்ணையடிமைகளைத் தலைக்கணக்கில் எண்ணமாட்டார்கள். "துஷா" கணக்கில் எண்ணுவார்கள். துஷா என்றால் ஆன்மா. ஒரு நிலக்கிழாருக்கு முந்நூறு ஆன்மா, ஆயிரம் ஆன்மா என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள்.

இந்தக் கோயில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று மாஸ்கோ சுற்றுவட்டாரத்தில் பண்ணைகளைக் கருவூலப் பணத்தில் ஆட்களோடு சேர்த்து வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில். நடுக்கோயிலுக்கு ஆன்மா என்று பெயர். அதைக் கட்டுவதற்கு ஆன்மாக்களை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். 1812இல் கோடரியும் சூலாயுதமும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நின்றவர்களும் இந்த விவசாயிகள்தான். போர் முடிந்தால் விடுதலை என்று காத்திருந்தவர்கள். விடுதலை 1861 வரை வரவில்லை. நன்றிக் கோயிலுக்கு மண்சுமக்கும் வேலை வந்தது.

விட்பெர்க் மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவரும் காலத்தின் பிள்ளை. ஆனால் இந்தக் கதையில் தியாகி என்று ஒரே ஒருவரை நிறுத்தினால், மண்வெட்டியோடு நின்ற அத்தனை பேரும் மறைந்துபோவார்கள். பனிமலர், நீங்கள் எழுதிய முதல் பதிவில் அவர்கள் ஒரு வரியில்கூட இல்லை.

---

பனிமலர் எழுதியது:

செம்பருத்தி, நீங்கள் சொன்னது சரி. நான் விட்டது தவறு. துஷா விஷயம் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. வரைபடத்தின் அழகில் மயங்கி நின்றுவிட்டேன்.

தணிக்கைமேசை ஐயாவுக்கு: நீங்கள் பிரித்துச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவருக்கு ஏன் அவ்வளவு அதிகாரம் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. விட்பெர்க் இறையனுபவ நாட்டம் உள்ளவர். லாப்சின் நடத்திய "இறக்கும் ஸ்பிங்க்ஸ்" என்ற ஃபிரீமேசன் சபையில் உறுப்பினர். போருக்குப் பிந்தைய அலெக்சாந்தரும் அதே மனநிலையில் இருந்தார். பைபிள், தீர்க்கதரிசனம், உள்ளொளி என்று. ஓவியர் தன் திட்டத்தை விளக்கியபோது மன்னர் தன் மனசில் இருந்ததையே வேறொருவர் வாயால் கேட்டார். லூதரன் சபையில் பிறந்த விட்பெர்க் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறியபோது மன்னரே ஞானத்தந்தை. அலெக்சாந்தர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இது வேலைக்கு ஆள் எடுத்த மாதிரி இல்லை; சீடனைத் தேர்ந்த மாதிரி. அந்தப் பாசம் இருந்தவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. காற்றும் சீக்கிரமே மாறியது. 1822இல் லாப்சினை மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் பக்கமே வராதபடி அனுப்பினார்கள். அதே ஆண்டு ஃபிரீமேசன் சபைகளுக்குத் தடை. 1824இல் விட்பெர்க்குக்கு ஆதரவாக இருந்த அமைச்சர் கலீத்சின் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு மன்னரும் போனார். தாங்கிப் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விலகியபின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். அதைத்தான் அரசு தின்றது என்று சொன்னேன்.

---

சாரக்கட்டு எழுதியது:

மேற்கோள்: "இது வேலைக்கு ஆள் எடுத்த மாதிரி இல்லை"

அக்கா, இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு ஆள் இருக்கிறார். ஒகுஸ்த் மோன்ஃபெரான். 1786இல் பிரான்சில் பிறந்தவர். விட்பெர்க்கைவிட ஒரு வயது மூத்தவர். அதே மன்னர், ஏறக்குறைய அதே ஆண்டுகள். பீட்டர்ஸ்பர்க்கின் புனித ஐசக் பேராலயத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவரும் அதுவரை பெரிய கட்டடம் எதுவும் கட்டியவர் இல்லை. வரைவதில் கெட்டிக்காரர். அழகான ஓவியத் தொகுப்பு ஒன்றைக் காட்டி வேலை வாங்கியவர்.

ஆரம்பத் திட்டத்தில் பெரிய ஓட்டை. பழைய கட்டடத்தின் ஒரு பகுதியை வைத்துக்கொண்டே புதுக் குவிமாடத்தைத் தூக்க வேண்டும் என்பது கட்டளை. பழைய அடித்தளம், புது அடித்தளம் இரண்டின் மேலும் ஒரே பாரம். இரண்டும் ஒரே அளவில் அமுங்காது, விரிசல் உறுதி. கட்டடம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே மொடுயி என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் 1820இல் கலைக் கழகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டார். வேலை நின்றது. குழு உட்கார்ந்தது. மூத்தவர்கள் எல்லோரும் திட்டத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். 1825இல் திருத்திய திட்டம் ஒப்புதல் ஆகி மறுபடி தொடங்கியது.

கேவலமாகத்தான் இருந்திருக்கும் அவருக்கு. ஆனால் ஆளை வெளியேற்றவில்லை. அந்த அடியிலேயே பாடம் கற்று, சதுப்பு மண்ணில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளை அடித்து, குவிமாடத்தை இரும்புச் சட்டத்தில் தூக்கி, உலகமே வியக்கும் பொறியியல் வேலையைச் செய்து முடித்தார். 1858இல் பேராலயம் திறந்தது. அடுத்த மாதம் இறந்தார்.

அதனால் என் மனசில் உள்ளது இது: விட்பெர்க்குக்குக் கிடைக்காதது திறமையோ நேர்மையோ இல்லை. முகத்துக்கு நேரே "இது நிற்காது" என்று சீக்கிரமே சொல்ல ஒரு மொடுயி. 1818இல் யாராவது அப்படிச் சொல்லி, கோயிலைக் குன்றின் விளிம்பிலிருந்து பின்னுக்குத் தள்ளி, உயரத்தைப் பாதியாக்கியிருந்தால் அது இன்றைக்கு நின்றிருக்கும். ஊர்க்குருவி தம்பி, வகுப்பில் பட்ஜெட் கேட்கிற ஆசிரியரை எதிரியாக நினைக்காதே. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்கவிடு.

---

கிரோவ்டாக்டர் எழுதியது:

நான் இந்தக் களத்தில் எழுதுவது ரொம்ப அரிது. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியல. வியாத்காதான் இப்போதைய கிரோவ் நகரம். 1934இல் பெயர் மாத்தினாங்க. நான் எம்.பி.பி.எஸ் படிச்சது அங்கேதான். மாஸ்கோவிலிருந்து ராத்திரி ரயில் ஏறினா காலையில் போய்ச் சேரலாம், தொள்ளாயிரம் கிலோமீட்டர் இருக்கும். விட்பெர்க் போனப்போ ரயில் கிடையாது. குதிரை வண்டியில், வாழ்க்கையே முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டு.

முதல் குளிர்காலம் எனக்கு நரகம். நவம்பர்லேயே மூணு மணிக்கு மேல வெளிச்சம் குறைய ஆரம்பிச்சிரும். அறையிலேயே கிடந்தா பைத்தியம் பிடிச்சிரும்னு ஒரு பூங்காவுக்கு நடக்கப் போவேன். அலெக்சாந்தர் தோட்டம்னு பேரு, ஆத்தங்கரை மேட்டுல இருக்கு. வாசல்ல வெள்ளைத் தூண்களோட ஒரு முகப்பு. அளவா, அமைதியா இருக்கும். பனியில நிக்கும்போது இன்னும் அழகு. ரெண்டு வருஷம் அதுக்குள்ள போயிட்டு வந்த பிறகுதான் எங்க உயிர்வேதியியல் ஆசிரியை சொன்னாங்க, இதை வரைஞ்சது ஊர்கடத்தப்பட்டு வந்த ஒரு கட்டடக் கலைஞர்னு. அவர்தான் விட்பெர்க்.

உலகத்திலேயே உயரமான கோயிலை வரைஞ்ச கை, ஒரு சின்ன ஊர்ப் பூங்காவுக்கு வாசல் வரைஞ்சிருக்கு. அதையும் அக்கறையாத்தான் வரைஞ்சிருக்கு.

அங்கே அவருக்குச் சம்பளம் இல்லை, போலீஸ் கண்காணிப்பு, கூடக் குடும்பம். ஹெர்சனும் அதே 1835இல் அங்கே தண்டனையில வந்தவர், இருபத்திமூணு வயசு. ரெண்டு பேரும் நெருங்கிட்டாங்க. விட்பெர்க் தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல ஹெர்சன் எழுதிவச்சார். விட்பெர்க் ஹெர்சனை 1836இல் ஒரு படம் வரைஞ்சார். அது இன்னும் இருக்கு. ஹெர்சனுக்கு 1837 கடைசியில வேற ஊருக்கு மாற்றல் கிடைச்சிருச்சு. விட்பெர்க்குக்கு 1840 வரைக்கும் விடுதலை இல்லை.

முக்கியமானதைச் சொல்லணும். வியாத்காவுல அவர் ஒரு பேராலயமே கட்டிக்கொடுத்தார். முதலாம் அலெக்சாந்தர் 1824இல் அந்த ஊருக்கு வந்த நினைவா அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயம். ஊர்மக்கள் காசு சேர்த்தாங்க. வட்ட வடிவம், நடுவுல பெரிய குவிமாடம், சுத்தி கோபுரங்கள். பழைய படத்துல பார்த்தா, குன்றுக்கோயிலோட மேல்தட்டைத் தனியா எடுத்து இங்கே இறக்கி வச்ச மாதிரி எனக்குத் தோணும். 1839இல் ஆரம்பிச்சு 1864இல் முடிஞ்சுது. அவர் 1855லயே பீட்டர்ஸ்பர்க்கில வறுமையில போயிட்டார். முடிஞ்சதைப் பார்க்கல.

1937இல் அதையும் இடிச்சிட்டாங்க. அந்த இடத்துல இப்போ இசையரங்கம் இருக்கு. நான் அங்கே போய்க் கச்சேரி கேட்டிருக்கேன், எதன் மேல உட்கார்ந்திருக்கோம்னு தெரியாமலே.

---

மாக்கல் எழுதியது:

டாக்டர் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒருவருக்காக மட்டும் வாதாட வந்தேன். கன்ஸ்தந்தீன் தோன். விட்பெர்க்கின் கோயில் நின்றுபோனபின், அதற்குப் பதிலாக மாஸ்கோவில் வேறு இடத்தில் மீட்பர் பேராலயத்தைக் கட்டியவர். விட்பெர்க் கதையைச் சொல்லும் எல்லோரும் தோனை வில்லனாக்கிவிடுவார்கள். ஹெர்சன்தான் இதைத் தொடங்கி வைத்தவர். தோன் கட்டிய ஐந்து கோபுரக் கோயில்களை, மேசையில் வைக்கும் குப்பித் தட்டு என்றும், மூடிக்குப் பதில் வெங்காயம் வைத்தது என்றும் எழுதினார். நிக்கோலாய் மேல் இருந்த கோபம், அவருக்குப் பிடித்த கட்டடக் கலைஞர் தலையில் விடிந்தது.

தோன் 1794இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மன் நகைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். அவர் அண்ணன் தம்பிகளில் மேலும் இருவர் கட்டடக் கலைஞர்கள். கலைக் கழகத்தில் வரனீகினிடம் படித்தார். அந்த வரனீகின் யாரென்றால், ஸ்த்ரோகனவ் குடும்பத்தின் பண்ணையடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, கசான் பேராலயத்தைக் கட்டியவர். செம்பருத்திக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிறகு தோன் இத்தாலியில் ஒன்பது ஆண்டு பழைய ரோமானிய இடிபாடுகளை அளந்து வரைந்தார். ஒரு கட்டடத்துக்குப் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை உடம்பால் கற்றவர்.

1832இல் அவருடைய திட்டம் ஒப்புதல் ஆனது. புது இடம் ஆற்றங்கரையில், கிரெம்ளினுக்குப் பக்கத்தில். அங்கே இருந்த அலெக்சேயெவ் கன்னிமடத்தை அப்புறப்படுத்தினார்கள். அது வருத்தமான செயல்தான். 1839இல் அடிக்கல், 1883இல் திறப்பு. 103 மீட்டர் உயரம். ஒன்றரைக் கோடி ரூபிள் செலவு. நாற்பத்து நான்கு ஆண்டு, மூன்று மன்னர்கள். நடுவிலேயே கிரெம்ளின் பெரிய அரண்மனையையும், பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதையின் இரு முனை நிலையங்களையும் கட்டி முடித்தார். அந்த இரட்டை நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன. கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் 1881இல் போனார். அவரும் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை.

விட்பெர்க்கின் கோயிலில் இருந்த ஒரு நல்ல எண்ணத்தைத் தோனும் காப்பாற்றினார்: இறந்தவர்களின் நினைவு. சுற்று நடையில் 177 பளிங்குப் பலகைகள். எந்தப் போர், எந்தத் தேதி, எந்தப் படை என்று வரிசையாக. அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண வீரர்களுக்கு எண்ணிக்கை மட்டும்.

---

செம்பருத்தி எழுதியது:

மாக்கல் ஐயா, கடைசி இரண்டு வாக்கியத்துக்கு நன்றி. அங்கேயும் அவர்கள் எண்ணாகத்தான் இருக்கிறார்கள்.

---

ஊர்க்குருவி எழுதியது:

நேற்று முழுக்க இதையே தேடிப் படித்தேன். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தோனின் பேராலயத்தை 1931 டிசம்பர் 5ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே சோவியத் மாளிகை வரவேண்டும்: 415 மீட்டர், உச்சியில் லெனின் சிலை. வரைந்தவர் பரீஸ் இயோஃபான். அடித்தளம் போட்டு, இரும்புச் சட்டம் எழும்பத் தொடங்கியபோது 1941 போர் வந்தது. சட்டத்தைக் கழற்றிப் பாதுகாப்பு வேலைக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பின் தொடரவில்லை. அந்தக் குழி 1960இல் திறந்தவெளி நீச்சல் குளம் ஆனது, குளிர்காலத்திலும் வெந்நீர். 1990களில் குளத்தை மூடி, தோனின் பேராலயத்தையே மறுபடி கட்டி, 2000இல் திறந்தார்கள்.

இதில் என்னை உலுக்கியது இயோஃபானின் அடுத்த வேலை. போருக்குப் பின் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கட்டடத்தை அவரிடம் கொடுத்தார்கள். இடம் எது தெரியுமா? குருவிக்குன்று! அவரும் சரிவின் விளிம்பிலேயே நிறுத்த வேண்டும் என்று நின்றார், விட்பெர்க் மாதிரியே. மண்சரிவு அபாயம் என்று பேச்சு வந்தது. அவரை மாற்றிவிட்டு லெவ் ருத்னெவிடம் கொடுத்தார்கள். ருத்னெவ் கட்டடத்தை விளிம்பிலிருந்து எண்ணூறு மீட்டர் அளவுக்குப் பின்னால் தள்ளினார். 1953இல் முடிந்தது. கோபுர முனை வரை 240 மீட்டர். இன்றைக்கும் நிற்கிறது.

சாரக்கட்டு அண்ணா, "பின்னுக்குத் தள்ளியிருந்தால்" என்று நீங்கள் எழுதியது இதைத் தெரிந்துதானா?

---

சாரக்கட்டு எழுதியது:

இல்லை தம்பி, மண்ணை நினைத்துச் சொன்னது. இயோஃபான் விஷயம் எனக்குப் புதுசு. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. நீயாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உயரம் குறையவில்லை, கவனித்தாயா? ஏறக்குறைய அதே உயரம், அதே குன்று. உயரத்தைப் பாதியாக்கியிருக்கலாம் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இடையில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் எஃகுச் சட்டம் வந்தது, மண்ணியல் வந்தது. கல்லைக் கல்மேல் அடுக்கி 230 மீட்டர் போவது வேறு, எஃகில் போவது வேறு. ஆனால் விளிம்பை விட்டு விலகி நிற்கிற முடிவுக்கு எந்தப் புது அறிவியலும் தேவை இல்லை. அந்தச் சரிவில் ஊற்று எங்கே கசிகிறது என்று வரபியோவோ கிராமத்தில் தண்ணீர் எடுத்த எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள்.

---

தணிக்கைமேசை எழுதியது:

பனிமலருக்கு ஒரு வார்த்தை. ஆதரவு தந்த கைகள் விலகியபின் கணக்கைத் திறந்தார்கள் என்றீர்கள். உண்மை. நான் பணியில் பார்த்ததும் அதுவே. மேலே ஆள் இருக்கும்வரை கோப்பு தூங்கும், ஆள் போனதும் விழிக்கும். அதனாலேயே இளம் அலுவலர்களிடம் சொல்வேன்: உங்களுக்கு மிகவும் வேண்டியவர் பதவியில் இருக்கும்போதே உங்கள் கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்லி நீங்களே எழுதிக் கேளுங்கள். விட்பெர்க் 1820இல் அப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் வியாத்கா போயிருக்க மாட்டார்.

டாக்டர் தம்பி, அந்தப் பூங்கா வாசலின் படம் இருந்தால் போடுங்கள்.

---

கிரோவ்டாக்டர் எழுதியது:

ஐயா, பழைய போனில் இருக்கு, தேடிப் போடறேன். பனி விழுந்த நாள்ல எடுத்தது. தூணுக்குக் கீழே நான் நிக்கிறேன், கையுறை இல்லாம.

---

பனிமலர் எழுதியது:

முதல் பதிவை நான் திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும், பின்னால் வருகிறவர்கள் நாம் எங்கிருந்து தொடங்கினோம் என்று பார்க்கலாம். ஆனால் "ஒரு கலைஞனை ஓர் அரசு தின்றுவிட்டது" என்று இன்று எழுதமாட்டேன். முதலில் அளவில்லாத பாசம், பிறகு அளவில்லாத தண்டனை. இரண்டுமே ஒரே சிம்மாசனத்திலிருந்து வந்தன. நடுவில் இருக்கவேண்டிய மொடுயி, அளவுப் புத்தகம், ஊற்றைக் காட்டும் பாட்டி யாரும் இல்லை. கூலியில்லாமல் மண் சுமந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் நான் குருவிக்குன்றின் பார்வை மேடையில் நின்றிருக்கிறேன். விட்பெர்க் பெயர்கூட அப்போது தெரியாது. முதுகுக்குப் பின்னால் பல்கலைக்கழகக் கோபுரம். எதிரே கீழே ஆற்றின் வளைவு, லுஷ்னிக்கி மைதானம், அதற்கும் அப்பால் தோனின் பொற்குவிமாடம், திரும்பக் கட்டியது. மேடைக்குக் கீழே சரிவு முழுக்க மரங்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, அங்கே எந்தக் கட்டடமும் இல்லாததே எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தோழியிடம் சொன்னேன்.

டாக்டர், படத்துக்காகக் காத்திருக்கிறேன்.